ஸ்டாப்என்சிஐஐ, டேக் இட் டவுன்: அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டும்போது இவை எதைச் செய்யும், எதைச் செய்யாது

"பத்து நிமிஷம் டைம். பணம் போடலைன்னா உன் படம் உன் தங்கச்சிக்கும் ஆபீஸ் குரூப்புக்கும் போகும்." இந்தச் செய்தி வந்து விழும் நிமிடத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. கெடு யோசிக்க விடுவதில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால், மிரட்டுகிறவனே அந்த இரவின் ஒரே பேச்சுத்துணை ஆகிவிடுகிறான். வெட்கம், அவசரம், தனிமை. அவனுடைய தொழில் முழுக்க இந்த மூன்றை வைத்துத்தான் ஓடுகிறது. படம் அவன் கையில் இருக்கும் பொருள் மட்டும்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு சேவைகளை இந்த அளவுகோலை வைத்தே இங்கே பார்க்கிறோம். ஒன்று, 18 வயது நிறைந்தவர்களுக்கான ஸ்டாப்என்சிஐஐ. பிரிட்டனில் எஸ்டபிள்யூஜிஎஃப்எல் என்ற தொண்டு நிறுவனத்தின் கீழ் இயங்கும் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன், மெட்டா நிறுவனத்தோடு சேர்ந்து 2021 டிசம்பரில் தொடங்கியது. மற்றது டேக் இட் டவுன். காணாமல்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் என்சிஎம்இசி என்ற தேசிய மையம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. படம் எடுக்கப்பட்டபோது 18 வயது ஆகாதவர்களுக்கு உரியது இது. இப்போது உங்களுக்கு 25 வயது, படம் 16 வயதில் எடுத்தது என்றாலும் நீங்கள் போகவேண்டிய இடம் டேக் இட் டவுன்தான். இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டையும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பயன்படுத்தலாம்.

"அந்தரங்கப் படத்தைத் தடுக்க அந்தப் படத்தையே இன்னொருவனுக்கு அனுப்பச் சொல்கிறார்களா?" என்ற பயம்தான் முதலில் வரும். நியாயமான பயம். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபேஸ்புக் நடத்திய முன்னோட்டத்தில் அப்படித்தான் இருந்தது: படத்தை மெசஞ்சரில் அனுப்ப வேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அதைப் பார்ப்பார். கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்த இரு சேவைகளிலும் அந்தத் தவறு கிடையாது. படம் உங்கள் போனை விட்டு நகர்வதே இல்லை. பிரவுசருக்குள்ளேயே கணக்குப் போட்டு, படத்துக்கு ஒரு கைரேகை எடுக்கிறார்கள். ஹேஷ் என்பார்கள். அந்தக் கைரேகை மட்டும்தான் வெளியே போகும். அதை வைத்துப் படத்தைத் திரும்ப வரைய முடியாது.

கைரேகை எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கோட்டைவிடும் என்பதும் தெரியும். ஸ்டாப்என்சிஐஐ புகைப்படத்துக்குப் பயன்படுத்தும் முறையின் பெயர் பிடிக்யூ. மெட்டா 2019இல் பொதுவில் வெளியிட்டது. படத்தின் நிறத்தை விட்டுவிட்டு, வெளிச்சமும் நிழலும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்பதை மட்டும் 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி, அதிலிருந்து 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை உண்டாக்கும். இரண்டு படங்களின் எண்களில் 31 பிட்டுக்குள் வேறுபாடு இருந்தால் ஒரே படம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. ஆகவே படத்தைச் சின்னதாக்கினாலும், தரம் குறைத்தாலும், நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் மாட்டிக்கொள்ளும். பாதியை வெட்டி எறிந்தாலோ, சாய்த்தாலோ, இடவலம் திருப்பினாலோ, சுற்றிலும் அகலமான பட்டை வைத்து எழுத்துப் போட்டாலோ தப்பிவிட வாய்ப்பு உண்டு.

வீடியோதான் பலவீனமான இடம். அதற்கு எம்டி5 என்ற பழைய முறையைப் பயன்படுத்துகிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்பினாலே வீடியோ மறுபடி சுருக்கப்படுகிறது. அப்போதே கோப்பு வேறு. இதைச் சொல்லாமல் "வீடியோவும் பாதுகாக்கப்படும்" என்று மட்டும் பரப்புவது, தவித்துக்கொண்டிருப்பவருக்குப் பொய் நிம்மதி கொடுப்பதாகும்.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கேலரியில் உள்ள மூலப் படம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். மூலம், நீங்கள் அனுப்பியபோது சுருங்கிய பிரதி, மிரட்டுகிறவன் திருப்பி அனுப்பிய பிரதி என்று எத்தனை வடிவம் கையில் இருக்கிறதோ அத்தனையையும் கொடுங்கள். வீடியோவாக இருந்தால், முகமோ உடலோ தெளிவாகத் தெரியும் காட்சிகளை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவற்றையும் சேருங்கள். மிரட்டுகிறவர்கள் உறவினர்களுக்கு முதலில் அனுப்புவது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஸ்டில்தான். உங்களிடம் இருப்பது சாட்டில் அவன் போட்ட படத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால், மேலே பெயர், கீழே டைப் செய்யும் இடம் எல்லாம் போகும்படி படத்தின் விளிம்புவரை துல்லியமாக வெட்டிய பிறகு கொடுங்கள். வெட்டாமல் கொடுத்தால் அந்தத் திரை முழுவதற்கும்தான் கைரேகை விழும், பயன் இருக்காது. ஆனால் வெட்டாத ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடவும் கூடாது. போலீசுக்குக் கொடுக்க வேண்டியது அதுதான். (பிரதி எடுப்பது, வெட்டுவது எல்லாம் பெரியவர்களின் படத்துக்கு மட்டும். சிறுவர் படமென்றால் வேறு விதி, கீழே சொல்கிறோம்.)

ஸ்டாப்என்சிஐஐயில் ஒரு கேஸ் திறப்பது கடினமில்லை. படத்தில் இருப்பது நீங்கள்தானா, 18 நிறைந்ததா, படத்தில் நிர்வாணமோ அரை நிர்வாணமோ உடலுறவுக் காட்சியோ இருக்கிறதா என்று கேட்கும். பிறகு போனிலிருந்து படங்களைத் தேர்வு செய்ய வேண்டும். கைரேகை எடுக்கப்பட்டதும் ஒரு பின் நம்பரை வைத்துக்கொள்ளச் சொல்லும். முடிவில் கேஸ் எண் கொடுக்கும். இந்த இரண்டையும் அங்கேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தொலைத்தால் மீட்டுத்தர வழியே இல்லை, அழுத்திக் கேட்டாலும் கிடையாது. நீங்கள் யார் என்று அவர்கள் வைத்துக்கொள்ளாததன் விலை அது. கேஸின் நிலையைப் பார்க்கவும், பின்னால் மனம் மாறி விலக்கிக்கொள்ளவும் அவை இரண்டும் வேண்டும். ஏஐ கொண்டு உங்கள் முகத்தை ஒட்டித் தயாரித்த போலிப் படமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இதை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். "அது நான் இல்லையே, எப்படிப் புகார் கொடுப்பது" என்று குழம்பி நிற்கும் கல்லூரிப் பெண்கள் ஏராளம்.

கைரேகை போய்ச் சேரும் இடங்கள்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ரெடிட், ஸ்னாப்சாட், பம்பிள், ஒன்லிஃபேன்ஸ், போர்ன்ஹப் உள்ளிட்டவை. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடலையும் இதில் இணைத்ததாக அறிவித்தது. அந்த ஆகஸ்ட் முடிய 2,68,899 படங்கள்மீது நடவடிக்கை எடுத்ததாகவும் சொன்னது. 2025 செப்டம்பரில் கூகுளும் சேர முன்வந்தது. பொருத்தம் கண்டுபிடிக்கப்பட்டால் உடனே நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தந்தத் தளம் தன் விதியோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும்.

சேராதவை எவை என்பதுதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் நம் ஊரில் மிரட்டல் நடப்பது அங்கேதான். வாட்ஸ்அப் தனிச் செய்திகள் முனைக்கு முனை பூட்டப்பட்டவை. அதற்குள் இந்தக் கைரேகை எட்டாது. டெலிகிராம் குரூப்பிலும் செல்லாது. மிரட்டுகிறவனின் போனில் இருக்கும் படத்தை எந்தச் சேவையாலும் அழிக்க முடியாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு "அவன் போனிலிருந்தே அழித்துத் தருகிறோம்" என்றால் அவர் இரண்டாவது திருடர்.

வடக்கே மேவாத், பரத்பூர் பக்கத்திலிருந்து வந்து நாடு முழுக்கப் பரவிய வீடியோ கால் மோசடியைப் பார்த்தால் இந்த இடைவெளி புரியும். தெரியாத நம்பரிலிருந்து பெண் பெயரில் வாட்ஸ்அப் செய்தி, பிறகு வீடியோ கால், எடுத்ததும் திரையில் நிர்வாணமான பெண் (பல நேரம் அது ஓடவிட்ட வீடியோ), அதோடு உங்கள் முகமும் சேர்ந்து பதிவாகிவிடும். ஒரு சில வினாடிகள் போதும். கொஞ்ச நேரத்தில் மிரட்டல். பணம் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்து "சிபிஐ அதிகாரி" பேசுவார், "யூடியூப் அதிகாரி" பேசுவார், வீடியோவை நீக்கக் கட்டணம் கேட்பார். ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியர்கள், மரியாதையோடு வாழ்ந்தவர்கள்தான் இதில் அதிகம் நொறுங்குகிறார்கள். இழக்க மரியாதை இருப்பவரிடம்தான் மிரட்டல் வேலை செய்யும். இப்படிப்பட்டவருக்கு ஸ்டாப்என்சிஐஐ பாதிதான் உதவும்: வீடியோவை ஃபேஸ்புக்கில் ஏற்றுவேன் என்ற மிரட்டலைக் கொஞ்சம் தளர்த்தும், வாட்ஸ்அப்பில் அனுப்புவேன் என்பதை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் எதற்கு இந்தச் சேவை? மனம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதுப் பையன் ஒருவனை, நைஜீரியாவின் லாகோஸைச் சேர்ந்த இரு சகோதரர்கள் இன்ஸ்டாகிராமில் பெண்போல் நடித்து மிரட்டினார்கள். 1,000 டாலர் கேட்டார்கள். அவன் 300 டாலர் அனுப்பினான். மிரட்டல் நிற்கவில்லை. முதல் செய்தி வந்து 6 மணி நேரத்துக்குள் அந்தப் பையன் உயிரை விட்டான். சகோதரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024 செப்டம்பரில் ஆளுக்கு பதினேழரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை இப்படிச் சிக்கியவர்கள் குறைந்தது 12,600 சிறுவர்கள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், அவர்களில் குறைந்தது 20 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று எஃப்பிஐ சொன்னது.

ஆறு மணி நேரம். ஆபத்து முழுவதும் அந்த முதல் இரவில் இருக்கிறது. நள்ளிரவில், கதவைச் சாத்திக்கொண்டு, கையில் போனோடு இருக்கும் ஒருவருக்கு "நான் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது" என்ற நிலையைக் கொடுப்பதே இந்தச் சேவைகளின் உண்மையான பலன் என்பது எங்கள் கணிப்பு. பெயர் சொல்ல வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அலுவலகம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெட்கத்தையும் அவசரத்தையும் அது கொஞ்சம் இறக்கி வைக்கிறது. தனிமையை இறக்க எந்த இணையதளத்தாலும் முடியாது. அதற்கு ஆள் வேண்டும்.

ஏன் கொடுத்தான், ஏன் அனுப்பினாள் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். முதல் செய்தியில் யாரும் நிர்வாணப் படம் கேட்பதில்லை. முதலில் பேச்சு, பிறகு முகம் தெரியும் சாதாரணப் படம், பிறகு அவனே தன் படம் என்று ஒன்றை அனுப்புவான், பதிலுக்கு எதுவும் தராமல் இருப்பது அநாகரிகம்போல் தோன்றும். இன்ஸ்டாகிராமிலிருந்து வேறு ஆப்புக்கு அழைப்பான். "இது நமக்குள்" என்பான். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட ஒரு விரல் உயரம்தான். ஐந்தாவது படியில் மறுத்தால் முதல் நான்கும் தவறு என்று தனக்குத்தானே ஒத்துக்கொள்ள வேண்டிவரும், மனம் அதைச் செய்யத் தயங்கும். குழந்தைகளிடம் இதே ஏணி வாரக்கணக்கில் நீளும்; நடுநடுவே பாசமும் கோபமும் மாறிமாறி வரும், அந்தப் பாசம் திரும்பக் கிடைப்பதற்காகவே பிள்ளை அடுத்த படி ஏறும். பணம் பறிக்கும் கும்பலோ இதையே ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, உங்கள் நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் முகத்தில் வீசும்.

பணம் கொடுத்தால் ஏன் நிற்காது என்பதும் இதே கணக்குதான். முதல் தொகை, நீங்கள் எவ்வளவு பயந்திருக்கிறீர்கள் என்பதற்கு நீங்களே கொடுக்கும் ரசீது. படத்தை வெளியிட்டுவிட்டால் அவன் பிடி போய்விடுகிறது, அவன் கணக்கும் முடக்கப்படலாம். பதில் வராத ஆளிடம் நேரம் செலவிடாமல் அடுத்தவரிடம் போவது அவனுக்கு லாபம். சில நேரம் ஒருவர் இருவருக்கு அனுப்பியும் விடுகிறார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. அதனால் நெருங்கிய இரண்டு பேரிடம் நீங்களே முந்திக்கொண்டு, "என் போனை வைத்து ஒரு மோசடிக் கும்பல் மிரட்டுகிறது, ஏதாவது படம் வந்தால் திறக்காதே, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து நம்பரை எனக்கு அனுப்பு" என்று சொல்லிவிடுவது, கொடுக்கும் எந்தத் தொகையையும்விட அதிகம் வேலை செய்யும்.

செய்யும் வரிசையும் முக்கியம். பதில் எழுதுவதை நிறுத்துங்கள். அழிக்காதீர்கள். அவனுடைய புரொஃபைல் இணைப்பு, போன் நம்பர், யுபிஐ ஐடி, நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். திரையில் தெரியும் பெயர் மட்டும் போதாது, அதை நொடியில் மாற்றிவிடுவான். அதன் பிறகு பிளாக். உங்கள் நண்பர் பட்டியலை மறைத்து, டேக் செய்ய முன்அனுமதி வேண்டும்படி வையுங்கள். பிறகு கைரேகை. பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைப்பு. பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் நிறுத்த முடியுமா என்பது நிமிடங்களைப் பொறுத்தது.

இந்தியாவில் இந்தச் சேவைகளோடு கூட வேறு இரண்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(b) என்ற பிரிவு, நிர்வாணமோ பாலியல் செயலோ மார்ஃபிங்கோ உள்ள படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கத் தளத்தைக் கட்டாயப்படுத்தியது; 2026 பிப்ரவரியில் இந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எனவே வெறும் "ரிப்போர்ட்" பொத்தானோடு நிற்காமல், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, படம் இருக்கும் இணைப்போடு எழுதுங்கள். திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மற்றொன்று சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசின் புகார் தளம். அதில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், பெயரோடும் கொடுக்கலாம். பெயரில்லாப் புகாரைப் பின்தொடர முடியாது. மிரட்டல் நடந்துகொண்டிருக்கும்போது பெயரோடு கொடுப்பதே நல்லது. நேரில் போனால் "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு எங்கே நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. படத்தைப் பரப்பியவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரையும், 67ஏ பிரிவில் முதல் முறையே 5 ஆண்டு வரையும் சிறை உண்டு.

பிள்ளையின் படமாக இருந்தால் பெற்றோர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தைத் தங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்வார்கள், சித்தப்பாவுக்கு, வக்கீலுக்கு, பள்ளிக்கு என்று பகிர்வார்கள். செய்யவே கூடாது. சிறுவர் பாலியல் படத்தை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று சொல்லியிருக்கிறது. படம் ஏற்கெனவே எந்தப் போனில் இருக்கிறதோ அதே போனில், பிள்ளை பக்கத்திலிருக்க, டேக் இட் டவுனைத் திறந்து கைரேகை எடுங்கள். பெயர், போன் நம்பர் எதுவும் தேவையில்லை. அதன்பின் அந்தப் படத்தை எந்தத் தளத்திலும் மறுபடி போடக்கூடாது. பொருத்தம் காட்டி உங்கள் கணக்கே சிக்கலாம். போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், ஆதாரமும் அதிலேதான் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் தகவல் கொடுத்தாக வேண்டும். 24ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும். பயப்படும் பெற்றோருக்கு இந்த விவரம் பெரிய ஆறுதல். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். இலங்கையில் அது 1929.

பிள்ளை வந்து சொன்ன முதல் ஐந்து நிமிடத்தில் "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்ற கேள்வி வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். மிரட்டியவன் இரவு முழுக்க "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவார்" என்று சொல்லி வைத்திருப்பான். அந்தக் கேள்வி அவன் சொன்னதை மெய்யாக்கிவிடும். "சொன்னது நல்லதாப் போச்சுப்பா. இது அவன் செஞ்ச குற்றம். வா, சேர்ந்து பார்ப்போம்" என்பது போதும். அன்று இரவு தனியறையில் படுக்க விடாதீர்கள். உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால், டெலிமானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இரண்டில் எது மேல் என்றால், எளிமையில் டேக் இட் டவுன். கேள்விகள் குறைவு, பதறும் பிள்ளையாலும் முடிக்க முடியும். கேஸைத் திரும்பப் பார்க்கும் வசதியில் ஸ்டாப்என்சிஐஐ. இரண்டுக்கும் பொதுவான குறை, படம் கையில் இல்லாதவருக்கு ஒன்றும் செய்ய முடியாதது. பழைய காதலன் ரகசியமாக எடுத்த வீடியோ, விடுதி அறையில் வைத்த கேமரா, இவற்றிலெல்லாம் பாதிக்கப்பட்டவரிடம் கோப்பே இருக்காது. அவருக்கு மேலே சொன்ன 3(2)(b) விதியும் போலீஸ் புகாரும் மட்டுமே வழி. தேடலில் தெரிந்தால் கூகுளின் நீக்கல் படிவம் கூடுதல் உதவி. படம் கையில் இருப்பவருக்கோ காத்திருக்கக் காரணமே இல்லை. எங்கும் வெளியாகாமல் மிரட்டல் மட்டும் இருக்கும்போதே கைரேகையைக் கொடுத்துவிடலாம். ஏற்றும் நேரத்திலேயே தடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.